பதிவில் இல்லாத பிள்ளை

உப்பு வாரியத்தில் பெரிய அதிகாரிகளை ஊர் விட்டு ஊர் மாற்றுவதற்கென்று ஒரு விதிப்புத்தகம் உண்டு. மரக்காணம் வட்டாரத்துக்கு இணை இயக்குநராக இருந்த சிவஞானத்துக்கு அது மனப்பாடம். விடிந்ததும் மற்ற வீடுகளில் ரேடியோ பாடும். அவர் வீட்டில் காப்பி ஆறும்வரை விதி ஓடும்.

"புது சேர்மன் வந்துட்டா நாலு மாசத்துக்கு எங்க லெவல் ஆளுங்கள அசைக்கக் கூடாது சுலோ. வந்தவங்க ஆளப் பாத்து, வேலையப் பாத்து, அப்புறம்தான் முடிவு பண்ணணும். மூஞ்சி புடிக்கலன்னு வந்த அன்னிக்கே தூக்கி அடிச்சிடக் கூடாது பாரு, அதுக்குத்தான்."

"நாலு மாசம் ஆனப்புறம்?" என்று கேட்டாள் சுலோசனா.

"அப்புறம் மாத்தலாம். தூரமா மாத்தறதுன்னா ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லணும். நமக்கு என்ன கஷ்டம்னு கூப்பிட்டுக் கேக்கணும்."

"கேட்டா விட்டுடுவாங்களா?"

"கேக்கணும்னுதான் ரூல். விடணும்னு இல்ல."

தான் சொன்னதற்குத் தானே சிரித்துக்கொண்டு அவர் டம்ளரை வைத்தார். சுலோசனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. 2006 பிறந்த கையோடு சென்னையில் ஒரு அம்மாள் புதிய சேர்மனாக வந்து உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து சுலோசனா அந்த நாலு மாதத்தைத்தான் சாமியாகக் கும்பிட்டு வந்தாள். விதியைப் பற்றி அவளுக்கு என்ன கவலை? செந்தமிழ் இந்த ஊரிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கவலை.

செந்தமிழ் அவர்களுடைய இளைய மகள். உடம்புக்கு இருபது வயசு, புத்திக்கு நாலோ ஐந்தோ. தமிழ்மேல் இருந்த ஆசையில் சிவஞானம் வைத்த பேர் அது. அவள் வாயிலிருந்து வரப்போவது இத்தனை வார்த்தைதான் என்று தொட்டிலில் கிடந்தபோது யாருக்குத் தெரியும்?

ஆனால் ஊருக்கு அவள் இவர்கள் மகள் இல்லை. சுலோசனாவின் அக்காள் மகள். தாயில்லாப் பிள்ளை, சித்தி வீட்டில் வளர்கிறது, பாவம். மரக்காணத்தில் மட்டுமில்லை, இதற்கு முன் இருந்த ஊர்களிலும் அப்படித்தான்.

இந்தப் பொய்யை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. பிள்ளைக்கு ஆறு வயசு நடக்கும்போது தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போனார்கள். மூத்தவள் சங்கீதா அப்போதே வளர்த்தியாக நின்றாள். இப்படி ஒரு பிள்ளை பிறந்த வீட்டில் யார் பெண்ணெடுப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே நாலு விதமாகப் பேசிவிட்டிருந்தார்கள். சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி எட்டிப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டாள். சுலோசனாவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "எங்க அக்கா பொண்ணுங்க. அக்கா தவறிட்டாங்க." அக்காள் விஜயலட்சுமி அந்த வருஷம்தான் பிள்ளையில்லாமல் செத்துப்போயிருந்தாள். செத்தவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்? உள்ளே நின்ற சிவஞானத்துக்கும் அது காதில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் குடும்பம் என்ற இடத்தில் சங்கீதாவின் பேர் மட்டும்தான் இருந்தது. கொஞ்சம் சரியாகட்டும், எழுதலாம் என்று இளையவள் பேரைத் தள்ளிப்போட்டு வந்தவர், அதற்குப் பிறகு எழுதவே இல்லை. ரேஷன் கார்டிலும் மனைவியின் அக்காள் மகள் என்றே ஏறியது.

மூன்று வருஷத்துக்கு ஒருதரம் ஊர் மாறும் உத்தியோகம் அந்தப் பொய்க்கு ரொம்பத் தோதாக இருந்தது. சந்தேகப்பட ஆரம்பிக்கும் முன்னே மூட்டை கட்டிவிடுவார்கள். அடுத்த ஊரில் புது ஆட்கள், புதுக் குவார்ட்டர்ஸ், அதே அக்காள் மகள்.

பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததுதான் பெரும்பாடு. ஆட்கள் இருந்தால் சித்தி, கதவைச் சாத்தினால் அம்மா. இதை அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்ற சுலோசனா பட்ட பாட்டைவிட, பிள்ளை பட்ட பாடு அதிகம். மறந்துபோய் யார் முன்னாலாவது அம்மா என்று கூப்பிட்டால், சேலைத் தலைப்புக்குள் கையை விட்டுத் தொடையில் கிள்ளுவாள். ஒரு வருஷம் போல ஆயிற்று. இரண்டு வார்த்தையை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ள செந்தமிழால் முடியவில்லை. ஒன்றை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு கதவு சாத்தியிருந்தாலும் சித்திதான். காய்ச்சலில் அனத்தினாலும் சித்திதான். சுலோசனா முதலில் ஒரு ராத்திரி முழுக்க அழுதாள். பிறகு, இதுவும் நல்லதுக்குத்தான், இனிமேல் கிள்ள வேண்டாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மரக்காணம் வரும்வரை செந்தமிழின் வாழ்க்கை நாலு சுவருக்குள். வாரத்துக்கு ஒருமுறையாவது வலிப்பு வரும். வெளியே விட்டால் பசங்கள் கல்லெடுப்பார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டே இருப்பாள்.

இங்கே குவார்ட்டர்ஸ் உப்பளத்தை ஒட்டிய மேட்டில் இருந்தது. சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்திதான். சுனாமியில் சேறு ஏறிப் பாத்தியெல்லாம் மூடிப்போன வருஷம், சேற்றை வழித்துப் போட்டுவிட்டுத் தரையைப் புதுசாக மிதிக்க ஆள் போதவில்லை. எக்கியார்குப்பத்திலிருந்துகூடப் பெண்கள் வந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த செந்தமிழ் ஒருநாள் காலையில் சுலோசனா குளிக்கப் போன நேரம் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றுவிட்டாள்.

பாத்தி மிதிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. தண்ணீரை வடித்துவிட்டுக் களிமண் கெட்டிப்படும்வரை வரிசையாகக் கைகோத்து மிதிக்க வேண்டும். குதிகால் தடம் விழுந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம், திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். ஒரே மாதிரி மிதித்து மிதித்து மற்றவர்களுக்கு அலுத்துவிடும். செந்தமிழுக்கு அலுக்கவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயில் ஏறும்வரை மிதித்தாள். ஈரத்தலையோடு பதறி ஓடிவந்த சுலோசனாவிடம், வரிசையை நடத்திக்கொண்டிருந்த ஆராயி சொன்னாள்.

"ஏம்மா இப்பிடி ஓடியாற? பாப்பா எங்கிட்டதான இருக்குது. நாங்க இன்னா கடிச்சா துன்னுட்டோம்? வுடு, மிதிக்கட்டும். ஆசையா மிதிக்குது பாரு."

அன்றிலிருந்து செந்தமிழ் உப்பளத்துப் பிள்ளை. விடியும் முன்னே எழுந்து உட்கார்ந்துகொள்வாள். ஆராயியின் தூக்குச்சட்டியிலிருந்து கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் சாப்பிடுவாள். வீட்டில் பிசைந்து வைத்த சோற்றைத் தள்ளிவிடுவாள். பாதமெல்லாம் உப்பு அரித்து வெடித்துவிட்டது. சாயங்காலம் சுலோசனா தேங்காயெண்ணெய் தடவும்போது அன்று யார் யார் வந்தார்கள், யார் யாரைத் திட்டினார்கள் என்று விட்டுவிட்டுச் சொல்வாள். ராத்திரி அடித்துப்போட்டது போலத் தூங்குவாள். வலிப்பு நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பாண்டிச்சேரி டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, "என்ன செய்யறீங்களோ அதையே செய்யுங்க, எதையும் மாத்தாதீங்க" என்றார்.

அதைத்தான் மாற்றினார்கள். கத்திரி வெயில், உப்பு அள்ள அள்ள விளைகிற காலம். நாலு மாதம் முடிந்த ஈரம்கூடக் காயவில்லை, ஆர்டர் வந்துவிட்டது. குஜராத்தில் காந்திதாம். பதவியில் குறைந்தவர்களை மிஞ்சிப்போனால் கன்னியாகுமரிவரை தள்ளுவார்கள். சிவஞானம் அளவுக்கு உயர்ந்தவர்களுக்கு இந்தியா முழுக்க ஊர்.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சொன்னார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"போகலன்னா?"

"போகலன்னா வேலைய விட்டே எடுத்துடலாம். எங்க லெவலுக்கு ரூல் அப்படித்தான். பென்ஷனும் சேந்து போயிடும்."

"நீங்க மட்டும் போங்க. நானும் பாப்பாவும் இங்கயே ஒரு வீடு பாத்துக்கறோம்."

அவர் மார்பை ஒருதரம் தடவிக்கொண்டார். போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை ஜீப்பில் போட்டுப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனது அவளுக்கு ஞாபகம் வந்தது. மருந்து எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் அவரை அத்தனை தூரம் அனுப்ப முடியாது. சொன்னதற்காக வெட்கப்பட்டாள்.

"அங்க என்ன பாஷைங்க?"

"குஜராத்தி. கச்சின்னு இன்னொரு பாஷையும் பேசுவாங்க."

"பாப்பா யார்கிட்ட பேசுவா?"

"நம்மகிட்டதான்."

"திரும்பவும் ஜன்னல் கம்பியா?" என்று கேட்டாள் சுலோசனா. "திரும்பவும் கதவப் பூட்டணுமா? என்னால ஆகாதுங்க. வலிப்பு வந்து அவ நாக்கக் கடிச்சிக்கிட்டத மறுபடியும் என்னால பாக்க முடியாது."

சிவஞானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒரு வழி இருக்குது சுலோ. புத்தி வளராத பிள்ளை இருக்கற ஆபீசர, அந்தப் பிள்ளை பழகின ஊர்லருந்து மாத்தக் கூடாதுன்னு ஒரு சலுகை இருக்குது."

"ஐயோ, அப்ப கேளுங்களேன்! இத வெச்சிக்கிட்டா சும்மா இருக்கீங்க?"

"சர்வீஸ் புக்ல பிள்ளை பேர் இருக்கணும். ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே இருந்திருக்கணும்."

"பிள்ளை வீட்ல இருக்குது, புஸ்தகத்துல இருந்தா என்ன, இல்லன்னா என்ன? எந்தப் பாவி போட்டான் இப்படி ஒரு ரூல?"

அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். ஒருநாளும் அப்படிச் செய்கிறவர் இல்லை.

"நான்தான்," என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் விதிகளைத் திருத்தப் போட்ட கமிட்டியில் அவரும் ஒருவர். மாற்றல் வந்தால் போதும், ஆளாளுக்கு அண்ணன் பிள்ளை தங்கை பிள்ளையைக் கூட்டிவந்து என் பிள்ளைதான் என்று நிறுத்துகிறார்கள் என்று அவர்தான் எடுத்துச் சொன்னார். பதிவு முன்கூட்டியே இருக்க வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொன்னவரும் அவரே. எல்லாரும் பாராட்டினார்கள். அந்த வரியை எழுதும்போது தன் வீட்டுப் பிள்ளை அவருக்கு நினைவுக்கு வந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். சுலோசனாவும் அதைத்தான் கேட்டாள்.

"வந்துச்சு. அதனாலதான் எழுதினேன். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்னு எனக்கே ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன்."

"உங்க தாழ்ப்பாள்ல எம் பொண்ணு விரல் மாட்டிக்கிச்சிங்க."

அவள் பின்கதவைத் திறந்துகொண்டு உப்பளத்தில் இறங்கினாள். மேல்காற்று அனலாக அடித்தது. பெண்கள் பலகை போட்டு உப்பை இழுத்து வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செந்தமிழ் தூரத்தில் காலிப் பாத்தி ஒன்றைத் தனியாக மிதித்துக்கொண்டிருந்தாள். ஆராயி பலகையை ஊன்றி நின்றாள்.

"இன்னாம்மா, வெயில்ல வர்ற? மூஞ்சி ஒரு மாரியா இருக்குது?"

"எங்களுக்கு மாத்தலாயிடுச்சி ஆராயி. குஜராத்து."

"அடக் கெரகமே! பாப்பா?"

"அவளும்தான்."

ஆராயி கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அங்கல்லாம் இட்டுனு போனா அது செத்துடும்மா. எங்கிட்ட வுட்டுட்டுப் போங்க. எங்க ஊட்ல கெடக்கட்டும். இன்னாத்த பெருசா துன்னப் போவுது? உங்க அக்கா பொண்ணுதான, பெத்த புள்ளையா வுட்டுட்டுப் போறதுக்கு மனசு அடிச்சிக்க?"

சுலோசனா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பதினாலு வருஷமாக நெஞ்சில் கட்டி வைத்திருந்தது அந்த ஒரு கேள்வியில் உடைந்தது.

"எம் பொண்ணுதான் ஆராயி. நான் பெத்தவதான்."

ஆராயி அவளையே பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் சுலோசனா நினைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"எனக்கு ஒண்ணு பொறந்து மூணாம் நாளே செத்துப்போச்சும்மா," என்றாள் ஆராயி மெதுவாக. "எத்தினி புள்ளன்னு யாரு கேட்டாலும் அதையும் சேத்துதான் சொல்லுவேன்."

அன்று சாயங்காலமே சுலோசனா சங்கீதாவுக்குப் போன் போட்டாள். சங்கீதாவைப் பெரிய முதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மறுநாள் பஸ் பிடித்து அவள் வந்துவிட்டாள். சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டே சுலோசனா இழுத்து இழுத்துச் சொன்னாள். சேர்மன் நினைத்தால் விதியைத் தளர்த்தலாம். நேரில் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஊருக்குத் தெரியும், உன் மாமியார் வீட்டுக்கும் தெரியும். உன் வாழ்க்கைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

சங்கீதா கத்தியை வாங்கி வைத்தாள்.

"எங்க மாமியாருக்குத் தெரியும்மா."

"என்னடி சொல்ற?"

"பொண்ணு பாக்க வந்தாங்களே, அன்னிக்கே தெரியுமாம். கதவு இடுக்குல அவ நின்னுக்கிட்டிருந்தாளாம். அச்சுல வாத்த மாதிரி உன் மூஞ்சிதான், இதக் கண்டுபிடிக்க ஜோசியனா வரணும்னு கேட்டாங்க. மொதல் தீபாவளிக்கே எங்கிட்ட சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சா கட்டிக்கிட்டாங்க?"

"அவங்க நாத்தனாரும் இப்படித்தானாம். இதுக்காக யாராவது பொண்ண வேணாம்னு சொல்லுவாங்களான்னாங்க."

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிம்மா சொல்றது? நீ எங்கிட்ட பேசும்போதே 'உங்க பெரியம்மா பொண்ணு'ன்னுதான் சொல்லுவ. எனக்கே சில நேரம் குழம்பிப்போயிடும்." சங்கீதா நறுக்கிய காயை ஒதுக்கித் தள்ளினாள். "எனக்காக செஞ்சேன்னு மட்டும் சொல்லாதம்மா. நான் கேக்கல."

யாருக்காக அந்தப் பிள்ளையின் வாயை அடைத்தார்களோ, அவர்களுக்கு அது வேண்டியே இருக்கவில்லை. சுலோசனா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் ஒன்று தோன்றியது. சேர்மன் கேட்பதற்கு முன்னால் பிள்ளை வாயில் அந்த வார்த்தையைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

கஷ்டத்தை நேரில் கேட்கச் சேர்மன் கூப்பிட்டு அனுப்பிய தேதிக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருந்தது. சாயங்காலம் காலுக்கு எண்ணெய் தடவும்போது ஆரம்பித்தாள்.

"கண்ணு, நான் யாரு?"

"சித்தி."

"இல்லடா. அம்மா. எங்க சொல்லு, அம்மா."

செந்தமிழ் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. இரண்டு கையாலும் தன் தொடையைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"சித்தி," என்றாள். "சித்தி, சித்தி."

எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது. சுலோசனா பிள்ளையின் கையை விலக்கி, அந்தத் தொடையில் முகத்தை வைத்துக்கொண்டு, "இனிமே கிள்ள மாட்டேண்டா, சாமி சத்தியமா கிள்ள மாட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். செந்தமிழ் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஆராயி யாராவது அழுதால் அப்படித்தான் தடவுவாள்.

அதற்குப் பிறகு சுலோசனா விடவில்லை. கருவாட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள், கெஞ்சிச் சொல்லிக்கொடுத்தாள். சங்கீதா இரண்டு நாள் தங்கி, தான் அம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒருநாள் விளையாட்டுப் போலச் செந்தமிழும் திருப்பிச் சொன்னாள். "ம்மா." சுலோசனா ஓடிப்போய்ச் சிவஞானத்தைக் கூட்டிவந்தாள். அவரைக் கண்டதும் பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் ஒருதரம் சொன்னவள் மறுதரம் சொல்ல மாட்டாளா என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

சென்னைக்குப் போன அன்று டிரைவர் கண்ணாயிரம் ஜீப்பை விடியலிலேயே எடுத்தார். செந்தமிழுக்குப் புதுத் தாவணி. வழி முழுக்க ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி வந்தாள். சுலோசனா அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு காதோடு காதாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சேர்மன் அம்மாள் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். எழுந்து நின்று வரவேற்றார், செந்தமிழுக்குப் பிஸ்கட் வரவழைத்தார். சிவஞானம் நின்றபடியே சொன்னார். எத்தனையோ கூட்டங்களில் தொண்டையைச் செருமிவிட்டுப் பேசிய மனிதர், அன்று வார்த்தை வராமல் திணறினார்.

"இது என் சொந்தப் பொண்ணு, மேடம். இத்தனை வருஷம் மறைச்சிட்டேன். தப்புதான். தண்டனைய எனக்குக் குடுங்க."

"உட்காருங்க சார்," என்றார் அந்த அம்மாள். "எனக்குப் புரியாம இல்ல. ஆனா உங்க சர்வீஸ் புக்ல ஒரே பொண்ணுன்னு இருக்கு. ரேஷன் கார்டுல அக்கா பொண்ணுன்னு இருக்கு. ஆஸ்பத்திரிலயும் கார்டியன்னுதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பர்த் சர்டிபிகேட் இருக்கா?"

"ஊர்ல வீட்லயே பொறந்தா மேடம். பதியல."

"அக்கம்பக்கத்துல, சொந்தத்துல யாரையாவது கேக்கலாம்னா, எல்லாரும் உங்களுக்கு வேண்டியதத்தான் சொல்லுவாங்க. இத நான் சொல்லல. கமிட்டில நீங்க எழுதின நோட்ல இருக்கு. 'ஆர்டர் வந்த பிறகு பிறக்கிற பிள்ளைகளுக்கு வாரியம் பொறுப்பாகாது'ன்னு எழுதியிருக்கீங்க. போன மாசம்தான் இதக் காட்டி ஒருத்தர திருப்பி அனுப்பினேன். அவரும் இங்கதான் நின்னு அழுதார்."

சிவஞானம் குனிந்துகொண்டார். சுலோசனா எழுந்தாள். பெரிய இடம், பேசலாமா கூடாதா என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை.

"அம்மா, நீங்களும் பிள்ளை பெத்தவங்களா இருப்பீங்க. நல்லாப் பாருங்க. எம் மூஞ்சி, இவ மூஞ்சி. அங்க இவளுக்கு ஆளுங்க இருக்காங்கம்மா. அவங்களோட நின்னு மிதிப்பா, சாப்பிடுவா, தூங்குவா. கொண்டுபோயி பூட்டி வெச்சா வலிப்பு வந்து செத்துடுவாம்மா."

அந்த அம்மாள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"ரூல தளர்த்தறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா என் மனசுக்குப் படணும். நான் அவகிட்டயே கேக்கறேன். இவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, இல்லையா?"

"தெரியாதும்மா," என்றாள் சுலோசனா. அது சத்தியம். செந்தமிழுக்குப் பொய் என்றால் என்னவென்றே தெரியாது.

சேர்மன் எழுந்து மேஜையைச் சுற்றிவந்து செந்தமிழின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைத் தடவினார். "உன் பேர் என்னம்மா?"

"தமிழு."

"நல்ல பேரு. இவங்க யாரும்மா உனக்கு?"

செந்தமிழ் சுலோசனாவைப் பார்த்தாள். அந்தப் பெரிய அறையைப் பார்த்தாள். வாசலில் நின்ற பியூனைப் பார்த்தாள். புது ஆட்கள். அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். வெகு தெளிவாக, ஒரு எழுத்துக்கூடக் குழறாமல் சொன்னாள்.

"சித்தி."

"கண்ணு," என்றாள் சுலோசனா. "கண்ணு, வீட்ல சொன்னியே. நான் யாருடா? சொல்லுடா."

"சித்தி." சிவஞானத்தின் பக்கம் திரும்பி விரலைக் காட்டினாள். யாரும் கேட்காமலே அதையும் சொன்னாள். "சித்தப்பா."

சுலோசனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவதைக் கண்டு செந்தமிழ் பயந்துபோனாள். தான் சரியாகச் சொல்லவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் மண்டியிட்டு அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, முன்னைவிட உரக்க, ஒவ்வொரு தரமும் முகத்தைப் பார்த்துப் பார்த்து, சித்தி, சித்தி என்று சொன்னாள். சேர்மன் அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா பொண்ணுன்னாலும் நல்லாத்தான் வளத்திருக்கீங்க. யாராவது சொந்தக்காரங்ககிட்ட விட்டுட்டுப் போகலாமே" என்று தணிந்த குரலில் சொன்னார். அவருக்குத் தெரிந்த அளவில் அது ஆறுதல்தான்.

ஜீப் வந்த வழியே திரும்பியது. ஆர்டர் ஆர்டர்தான். ரெண்டு மாத அவகாசம் முடிந்ததும் லாரி வரும், சாமான் ஏறும். காந்திதாமில் குவார்ட்டர்ஸ் மூன்றாம் மாடி என்று ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். சிவஞானம் முன்சீட்டில் மார்பைத் தடவிக்கொண்டே வந்தார். கல்பாக்கம் தாண்டியதும் ஒருதரம் திரும்பி, "சுலோ" என்றார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார்.

மரக்காணம் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மேற்கே மேகம் கட்டியிருந்ததால் பெண்கள் அவசர அவசரமாக உப்புக் குவியலுக்குப் பனையோலை மூடிக்கொண்டிருந்தார்கள். ஜீப் நிற்கும் முன்பே செந்தமிழ் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். புதுத் தாவணியோடு வரப்பின்மேல் ஓடினாள். சுலோசனாவும் பின்னாலேயே இறங்கிப் போனாள். வீட்டுக்குள் போக அவளுக்குத் தைரியம் இல்லை.

"யம்மாடி, யாரிது, கல்யாணப் பொண்ணா?" என்று ஆராயி ஓலையைக் கீழே போட்டுவிட்டுக் கையை விரித்தாள். "மெட்ராஸ்லாம் பாத்தியா கண்ணு? இன்னா பண்ண அங்க?"

"பெரீய ஊடு," என்றாள் செந்தமிழ். மூச்சு வாங்கியது. "பிஸ்கட்டு. ஒரு அம்மா கேட்டாங்க. நான் சொன்னேன். சரியாச் சொன்னேன் ஆராயி."

"இன்னா சொன்ன?"

"சித்தின்னு."

ஓலை மூடிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அவர்களுக்கும் அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. ஆராயி பிள்ளையின் தலைக்குமேலாகச் சுலோசனாவைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லாமல் நிற்பதைப் பார்த்துச் செந்தமிழுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திரும்பி, வரப்பில் நின்றவளிடம் கேட்டாள்.

"சரியாச் சொன்னேன்ல, சித்தி?"

"ஆமாடா கண்ணு," என்றாள் சுலோசனா. "சரியாத்தான் சொன்ன."